ஆலமரத்தில் கட்டிய இளங்கொடி

கன்று ஈன்ற மாட்டுக்கு இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை இப்போது அரை நாள் வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். கையை உள்ளே விட வேண்டாம். இழுக்க வேண்டாம். வெளியே தொங்குவதை மட்டும் வெட்டிவிட்டுக் காய்ச்சல் பாருங்கள், இருந்தால் ஊசி போடுங்கள், மிச்சம் தானாகக் கழன்று வரும்வரை பொறுத்திருங்கள் என்கிறார்கள். போன மாதம் எங்கள் பகுதி மிருக வைத்திய அலுவலகத்தில் அப்படியொரு வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்று ஆறு வருடமான என்னையும் புது டாக்குத்தர் கூப்பிட்டிருந்தார். முந்திய காலத்தில் நாங்கள் கையால் எடுத்த விதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னார்.

சொன்னேன். தோள்மூட்டு வரை கையை விட்டுக்கொண்டு நிற்கும்போது மாடு படுத்துவிட்டால் நாமும் கூடவே படுக்க வேண்டும் என்று சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "ஐயா, நீங்க செஞ்சதில பிழையாப் போனது ஏதும் இரிக்கா?" என்று கேட்டாள். நேரம் போய்விட்டது என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து சாமியறையில் நின்று திருநீறு பூசும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் கேள்விதான் முன்னுக்கு வந்து நிற்கிறது. அம்மாளுக்கு முன்னால் நின்று எத்தனை நாளைக்கு நேரம் போய்விட்டது என்று சொல்வது? எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அலுவலகத்தில் நான் சேர்ந்தது மாடு பிடிக்கிற வேலைக்கு. டாக்குத்தர் ஊசி போடும்போது கொம்பைப் பிடிப்பது, காலைக் கட்டுவது, வெந்நீர் வாங்கி வருவது. இரண்டு மூன்று வருடம் அப்படியே போனது. பிறகு இருந்த டாக்குத்தர் ஒருவர் என் கை நீளத்தைப் பார்த்துவிட்டுக் கொடி எடுக்கப் பழக்கினார். மாட்டின் கருப்பைக்குள் எண்பது தொண்ணூறு பொத்தான்கள் இருக்கும். சட்டையில் பொத்தான் பூட்டியிருப்பதுபோலக் கொடி அவற்றில் பூட்டிக்கொண்டு நிற்கும். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை, விரல்தான் பார்க்கும். ஒன்றை அவசரத்தில் பிய்த்துவிட்டால் இரத்தம். அந்த மாடு அடுத்த முறை சினைப்படுவது கடவுள் கையில்.

இஸ்மாயில் டாக்குத்தர் எங்களுக்கு வந்தது சண்டை முடிந்த பிறகு. ஏறாவூர்க்காரர். மெலிந்த, நெடிய மனிதர். எந்த வீட்டுக்குப் போனாலும் வேலிக் கடப்படியில் நின்று ஒருமுறை செருமுவார். உள்ளேயிருந்து யாராவது வாங்க என்று சொன்னால்தான் காலை வைப்பார். வந்ததும் மாட்டைப் பார்க்க மாட்டார். மாடு நிற்கும் நிலத்தைப் பார்ப்பார், சாணத்தைப் பார்ப்பார், வீட்டு நாய் எங்கே படுத்திருக்கிறது என்று பார்ப்பார். காலையிலேயே மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவார். என் நகத்தை வாரத்தில் இரண்டு தரம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். கோபம் வந்தால் மற்றவர்கள் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். அவர் மெதுவாகப் பேசத் தொடங்கினால் நாங்கள் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு நேராக நிற்போம்.

கன்று போட்ட மாடு என்றால் அவரிடம் மூன்று கேள்வி இருக்கும். எத்தனை மாசம்? கண்டு எங்க? கொடி எங்க? இந்த ஒழுங்கில்தான் கேட்பார். பதிலை ஒரு சின்னப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்பார். டாக்குத்தர் சேர் கலியாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையிடம் எத்தனை மாசம் என்றுதான் கேட்பார் என்று நானும் எங்கள் கிளாக்கரும் பகிடி பண்ணுவோம். ஏன் அந்த மூன்றையும் விடாமல் கேட்கிறார் என்று ஒருநாள் அவரே சொன்னார். மாசம் நிறையாமல் விழுந்த கன்று என்றால் அது கன்று வீசுகிற நோயாக இருக்கலாம். அந்த நோய் கொடியிலும் செத்த கன்றிலும்தான் குவிந்திருக்கும். அங்கிருந்து மற்ற மாட்டுக்குப் போகும், தொட்ட மனிதருக்கும் போகும். பிள்ளைத்தாய்ச்சி தொட்டால் அவளுடைய கருவுக்கும் ஆபத்து. கொடியை ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துத் தாட்க வேண்டும் என்றார்.

எங்கள் பக்கத்தில் யாரும் கொடியைத் தாட்பதில்லை. வைக்கோலில் சுற்றி, பையில் போட்டு, பாலுள்ள மரத்தில் கட்டுவார்கள். அப்படிக் கட்டினால்தான் மாட்டுக்குப் பால் ஊறும், நாய் வாய் வைத்தால் பால் வற்றும் என்பது நம்பிக்கை. எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குப் பின்னால், ஆற்றோரத்தில் ஒரு ஆலமரம் நிற்கிறது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். அந்த மரத்தில் எப்போது பார்த்தாலும் நாலைந்து பை தொங்கும். எங்கள் வீட்டு மாட்டின் கொடியையும் நான் அங்கேதான் கட்டி வந்தேன். டாக்குத்தருக்கு அதைச் சொன்னதில்லை.

பரமேஸ்வரி அக்காவின் புருசன் எனக்குக் கூட்டாளி. வயல் வட்டைக்குள் பாம்பு கடித்துச் செத்துப்போனான். அக்கா பதினொரு மாட்டை வைத்துத் தயிர் போட்டு, ஒரே மகள் தர்சினியை வளர்த்துக் கட்டிக் கொடுத்தா. தர்சினியின் முதல் கரு நாலாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது உண்டாகி ஏழாம் மாதத்தில் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். புருசன் கட்டாரில் வேலை.

அம்மன் கோயிலில் வருடாந்தச் சடங்குக்குக் கதவு திறக்க மூன்று நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா போனில் கோல் எடுத்தா. சிவப்பி முந்தநாள் கன்று போட்டது, கொடி விழவில்லை, தின்னவும் இல்லை என்றா. டாக்குத்தர் அன்று கால் வாய் நோய்க்கு ஊசி போடப் பனிச்சங்கேணிப் பக்கம் போயிருந்தார். நான் சைக்கிளில் போனேன்.

சிவப்பி விளாமரத்தின் கீழ் முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. பின்னால் கொடி கறுத்துத் தொங்கியது. அதன் நுனியில் யாரோ பாதிச் செங்கல்லொன்றைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள், பாரத்துக்கு இழுபட்டு விழட்டும் என்று. அந்தக் கல் ஆடும்போதெல்லாம் மாடு முனகியது. முதலில் அதை வெட்டிவிட்டேன். காய்ச்சல் பார்த்தேன், நூற்றிநாலு. கன்று எங்கே என்று கேட்டேன். நாய் கடித்துச் செத்துப்போனது என்று குசினி வாசலில் நின்ற தர்சினி சொன்னாள். அக்கா வெந்நீர் வைக்க அவளை உள்ளே அனுப்பிவிட்டு, என்னை மாடு அடைக்கிற காலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனா. அங்கே புது மண் மேடு ஒன்று இருந்தது. அக்கா மண்ணைக் காலால் கொஞ்சம் ஒதுக்கிக் காட்டினா.

கன்றின் உடம்பில் மயிர் மூடவில்லை. குளம்பு மெழுகுபோல இருந்தது. ஒன்பது மாதக் கன்று இல்லை, ஏழுதான்.

"இதுவும் ஏழு மாசம், அவளும் ஏழு மாசம்," என்றா அக்கா. "விடிய வெள்ளாப்பில நான் மட்டும்தான் கண்டன். கண்டு முழுசாத்தான் பொறந்த, நாய் கடிச்சிட்டு எண்டு சொல்லிரிக்கன். புள்ளைக்குத் தெரிஞ்சா உடைஞ்சி போயிருவாள் தம்பி. போன தரம் ஒரு மாசம் சோறு தின்னல்ல. ஒருத்தரிட்டயும் சொல்லிராதங்க. உங்கட டாக்குத்தரிட்டயும்தான். அவர் வந்தா மூணு கேள்வியும் கேட்பார், அவள் காதில விழும்."

நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலில்தான் எல்லாம் பிழையாகிப் போனது.

டாக்குத்தருக்குக் கோல் எடுத்தேன். இரைச்சலுக்குள் அவர் குரல் வந்தது. எத்தனை மாசம் என்றார். ஒன்பது முடிஞ்ச சேர் என்றேன். கண்டு எங்க? நாய் கடிச்சுச் செத்துப்போன சேர். கொடி எங்க? உள்ளுக்கு சேர், எடுத்தால் தாட்கச் சொல்லுறன். இடையிடையே அவர் பேசாமல் இருந்தார், எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். எடுங்க, மெல்லமா, ஏலாட்டி விட்டிருங்க, நான் நாளைக்கு வந்து பார்க்கிறன் என்றார். நீங்க வரத் தேவையில்ல சேர், நான் பார்க்கிறன் என்றேன்.

வாலை ஒரு பக்கம் கட்டிக் கழுவினேன். கிருமி கொல்லும் கொண்டீஸ் தூள் கலந்த வெந்நீரால் மூன்று தரம். தோள்வரை நீளுகிற கையுறை அலுவலகத்தில் கடைசியாக இருந்த ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு கையை விட்டேன். உள்ளே அடுப்புச் சூடு. முதல் பத்துப் பொத்தான் கழன்றது. பிறகு வழமையில்லாத ஒன்று விரலில் பட்டது. பொத்தான்களுக்கு இடையில் கொடி ஈரச் சவ்வுபோல இருக்க வேண்டும். இது பழைய செருப்புத் தோல்போலத் தடித்துக் கிடந்தது. என் விரலுக்கு அப்போதே விளங்கிவிட்டது. மனதுதான் கேட்கவில்லை.

அரை மணித்தியாலம் போயிருக்கும். மாடு ஒருதரம் முக்கியது. என் கை எலும்புக்கிடையில் நசிந்தது, கையுறை கிழிந்தது. வேறு கையுறை இல்லை. கையைக் கழுவி, எண்ணெய் பூசி, வெறுங்கையாகவே திரும்ப விட்டேன். விரலில் முந்தநாள் கம்பி கீறிய காயம் ஒன்று இருந்தது. அந்த நேரம் வால் கயிறு அவிழ்ந்து என் முகத்தில் அடித்தது. ஒரு கை வந்து வாலைப் பிடித்தது. திரும்பினால் தர்சினி.

"நீ உள்ளுக்குப் போ புள்ள," என்றேன்.

"ஏன் மாமா? நான் பிடிக்காத வாலா?"

ஏன் என்று சொன்னால் மாசத்தைச் சொல்ல வேண்டும். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு நாற்றம் ஆகாது என்று ஏதோ சொன்னேன். நாற்றம் பழகித்தானே நாங்க வளர்ந்த என்று சிரித்தாள். மிச்சப் பொத்தான் முழுவதும் கழலும்வரை வாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பொத்தானுக்கும் நான் அம்மாளே அம்மாளே என்றுதான் சொன்னேன். மாட்டுக்காகச் சொல்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

கொடி முழுதாக வந்தது. குளிசை மாத்திரையை உள்ளே வைத்தேன், ஊசி போட்டேன். மண்வெட்டி கேட்டேன். அக்கா வைக்கோலும் உரப்பையும் கொண்டுவந்தா. தாட்டால் சிவப்பிக்குப் பால் வற்றும், அந்தப் பாலை நம்பித்தான் பிள்ளைப்பேறு பார்க்க இருக்கிறேன் என்று அழுதா. அம்மாளுடைய மரத்தில் இருந்தால் மகளுக்கும் காவல் என்றா. நானும் அம்மாளை நம்புகிறவன். பையை நானே கட்டினேன். அதைக் கொண்டுபோய் ஆலமரத்தின் தாழ்ந்த கிளையில் தொங்கவிட்டவனும் நான்தான்.

புதன், வியாழன் இரண்டு நாளும் டாக்குத்தரின் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தேன். சிவப்பி தின்கிறதா என்று கேட்டார். தின்கிறது என்றேன். அது பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை விரதம். அந்தியில் கதவு திறப்பு. பகல் பதினொரு மணிபோலக் கோயில் வளவு துப்புரவாக்கப் போனேன். ஆலமரத்துக்குக் கீழேதான் நிழல், ஊர்ப் பெண்கள் அங்கே இருந்து சடங்குக்கு வேண்டிய பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மேலே பார்த்தேன். காகம் பையைக் கிழித்துவிட்டிருந்தது. கிழிந்த வாயிலிருந்து கறுப்பாக ஒன்று தொங்கி, துளித் துளியாகச் சொட்டியது. சொட்டிய இடத்தில் யாருடைய மாடோ இரண்டு படுத்து அசைபோட்டன. இரண்டும் சினை. பத்தடி தள்ளி ஒரு நாய் எதையோ காலால் பிடித்துக்கொண்டு கடித்தது. நாய்க்கும் மாட்டுக்கும் நடுவில் தர்சினி நிலத்தில் கால் நீட்டி இருந்து ஒரு செம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கோயிலுக்கு நேரே திரும்பிக் கும்பிட்டேன். கை கூடியது, வாய் வரவில்லை. வளவு கூட்டுவதை விட்டுவிட்டு, ஒருவரிடம் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

டாக்குத்தர் ஜும்மா தொழுகைக்குப் போக ஆயத்தமாகி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வாசலில் நின்று, சிவப்பியின் விசயம் பொய் சேர் என்றேன். அவர் தொப்பியை மேசையில் வைத்தார். கதிரையில் இருந்தார். மேசை லாச்சியைத் திறந்து சின்னப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்தார். குரல் இறங்கியிருந்தது.

"எத்தன மாசம்?"

"ஏழு, சேர்."

எழுதினார்.

"கண்டு எங்க?"

"வீட்டுக்குப் பின்னால, சேர். முழங்கால் ஆழம்கூட இல்ல."

எழுதினார்.

"கொடி எங்க?"

"கோயில் ஆலமரத்தில, சேர். நான்தான் கட்டின."

எழுதி முடித்துப் புத்தகத்தை மூடினார். ஏசுவார் என்று நின்றேன். "கையக் காட்டுங்க," என்றார். காட்டினேன். விரலில் இருந்த கீறலைப் பார்த்தார். வேற ஆர் தொட்ட என்று கேட்டார். தர்சினி என்றேன். ஏழு மாசம் என்றேன். அதை அவர் எழுதவில்லை. எழும்பி, சுண்ணாம்பு மூட்டையையும் கிருமிநாசினியையும் ஏற்றச் சொன்னார்.

வழியில் ஒன்றுதான் சொன்னார். "நான் கோயிலுக்குள்ள வந்து மரத்தில கைய வெச்சா அது வேற கதையாப் போயிரும். நீங்கதான் சொல்லணும். முழுசாச் சொல்லுங்க, பாதி சொன்னா ஒருத்தரும் அசைய மாட்டாங்க."

கோயில் வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன். பூசை செய்கிற கப்புகனாரும் கோயிலை நிருவகிக்கிற வண்ணக்கரும் முகப்பில் நின்றார்கள். மரத்திலுள்ள பைகளை இப்போதே இறக்கித் தாட்க வேண்டும், மாட்டையும் ஆட்களையும் அங்காலே எடுக்க வேண்டும் என்றேன்.

வண்ணக்கருக்கு முகம் மாறியது. "கதவு திறக்கிற நாளில மரத்தில கட்டினதை இறக்கிறதா? எத்தின காலமாக் கட்டுறம். ஊர்ப் பாலெல்லாம் வத்தட்டுமோ? ஆர் சொன்ன, வெளிய நிக்கிறவரோ?"

"அவர் இல்ல. நான் சொல்லுறன்."

"நீயுந்தானே கட்டின?"

"ஓம். அதில நோய் இரிக்கு. தெரிஞ்சுகொண்டுதான் கட்டினன்."

பெண்கள் எழும்பி வந்துவிட்டார்கள். அக்கா நடுவில் நின்று என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். வேண்டாம் என்று தலையை அசைத்தா. தர்சினியின் பக்கம் திரும்பாமல், கப்புகனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சிவப்பி போட்டது ஏழு மாதக் கன்று. நாய் கடிக்கவில்லை, வயிற்றிலேயே செத்தது. அந்த நோய் தொட்ட ஆட்களுக்கும் வரும். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

அக்கா அப்படியே நிலத்தில் குந்திவிட்டா. பிறகு தர்சினியின் குரல் வந்தது.

"எனக்குத் தெரியும் அம்மா."

எல்லாரும் அவளைப் பார்த்தோம். கையில் புளிச் சாற்றோடு நின்றாள்.

"செவ்வாக்கிழமை பின்னேரம் நாய் அதத் தோண்டிப் போட்டுட்டு. நீங்க கண்டா அழுவீங்க எண்டு நான்தான் தூக்கித் திரும்பத் தாட்டன். மயிர்கூட முளைக்கல்ல. நான் ஒண்டும் உடைஞ்சி போகல்லம்மா."

தாய் மகளுக்கு மறைத்தா, மகள் தாய்க்கு மறைத்தாள், நான் இரண்டு பேருக்குமாக மறைத்தேன். அதற்குள் அந்தப் பிள்ளை செத்த கன்றை வெறுங்கையால் தூக்கியிருக்கிறாள்.

கப்புகனார் வயதாளி, அதிகம் பேச மாட்டார். ஆலமரத்தை ஒருதரம் பார்த்தார், தர்சினியின் வயிற்றைப் பார்த்தார். "இறக்குங்க," என்றார். "அம்மாளுக்குப் புள்ளதான் முதல். பால் பொறகு."

மரத்தில் நான் ஏறினேன். டாக்குத்தர் இரட்டைக் கையுறை தந்து, வாயையும் மூக்கையும் கட்டி அனுப்பினார். ஐந்து பையையும் இறக்கி, வளவுக்கு வெளியே நெஞ்சாழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுத் தாட்டோம். அக்கா வீட்டுக் கன்றையும் எடுத்து அங்கேயே தாட்டோம். மரத்தடி மண்ணுக்கு மருந்து அடித்தோம். வண்ணக்கர் முணுமுணுத்துக்கொண்டே வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளித் தந்தார். நான் நாலு தரம் சவுக்காரம் போட்டுக் குளித்தேன். கதவு திறக்கும் நேரத்துக்கு ஈர வேட்டியோடு கடைசி ஆளாகப் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேனா, பிள்ளையைக் கேட்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அழுதேன்.

டாக்குத்தர் அன்று பின்னேரமே தர்சினியை வாகனத்தில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். என்ன நோயைத் தேட வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். முதல் இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அக்காவின் மாடுகளில் எடுத்த இரத்தத்தின் முடிவும் வந்தது. சிவப்பிக்கும் இன்னும் மூன்று மாட்டுக்கும் நோய். மூன்றாம் வாரம் தர்சினிக்குப் பின்னேரங்களில் காய்ச்சல் தொடங்கியது. வேறு யாருக்காவது என்றால் டெங்கு என்று தேடி நாளைக் கடத்தியிருப்பார்கள். இவளுக்குக் கடிதம் இருந்தது. அன்றே மருந்து தொடங்கினார்கள். மருந்து கொடுத்த முப்பத்தைந்து நாளும் அக்கா ஆசுபத்திரி விறாந்தையில் கிடந்தா. நான் போனால் பேச மாட்டா. நான் கொண்டுபோன சோற்றை மட்டும் வாங்கி மகளுக்குக் கொடுப்பா.

எனக்கும் வந்தது. ஆறு வாரம் குளிசை. இடுப்பு நோவு இன்னும் விடவில்லை, மழைக்காலத்தில் எழும்ப என் மனிசி கை தர வேண்டும்.

தர்சினிக்குப் பெண்பிள்ளை. நாள் கொஞ்சம் முந்தித்தான் பிறந்தது. இரண்டு கிலோவும் சொச்சமும், ஆனால் அழுத அழுகை அந்த ஆசுபத்திரி வாட்டு முழுக்கக் கேட்டதாம். எனக்கு அதைச் சொன்னது டாக்குத்தர். சொல்லிவிட்டு, போய்ப் பாருங்க என்று பின்னேரத்துக்கு லீவு தந்தார். போனேன். அக்கா பிள்ளையைத் தூக்கி என் கையில் வைத்தா.

நோய் கண்ட நாலு மாட்டையும் அழிக்கக் கொடுத்து அக்கா இழந்தா. சிவப்பியைக் கொண்டுபோன நாளில் நான் அந்தப் பக்கம் போகவில்லை, போக எனக்கு முகம் இல்லை. மறு வருடம் அக்காவின் இன்னொரு மாடு கன்று போட்டது. காலையில் கோல் வந்தது. நான் வாயைத் திறக்க முன்னமே, "ஒம்பது மாசம் எட்டு நாள். கண்டு குடிச்சிட்டுத் துள்ளுது. கொடி விழுந்த, தாட்டாச்சு, சுண்ணாம்பும் போட்டாச்சு. போய்ச் சொல்லுங்க உங்கட டாக்குத்தரிட்ட," என்றுவிட்டு வைத்துவிட்டா. எங்கள் ஆலமரத்தில் இப்போதும் பை தொங்குகிறது. உள்ளே வெறும் வைக்கோல்தான். கப்புகனார் அப்படிச் சொன்னார், எதற்குக் கட்டுகிறோம் என்று அம்மாளுக்கு விளங்கும் என்று.

இஸ்மாயில் டாக்குத்தர் இடமாற்றம் பெற்றுப் போனபோது அவருடைய சின்னப் புத்தகங்கள் அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தன. நான் ஓய்வு பெறும் கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்த வருடத்துப் புத்தகம் கையில் பட்டது. தேடிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் நான் கோலில் சொன்ன மூன்று பதிலும் அப்படியே இருந்தன. வெட்டவில்லை, அழிக்கவில்லை. அதற்குக் கீழே வெள்ளிக்கிழமை என்று போட்டு, சரியான மூன்று பதில். யார் பொய் சொன்னது, ஏன் சொன்னது என்று ஒரு சொல்லும் இல்லை. என் பெயர்கூட இல்லை. கடைசியில் மட்டும், "நான் நேரில் போய்ப் பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்.

வர வேண்டாம் என்று சொன்னது நான்.

முன்வரிசையில் இருந்த பிள்ளைக்கு இதுதான் பதில். ஓம் மகள், ஒன்று பிழையாகிப் போனது. கொடியை நான் சரியாகத்தான் எடுத்தேன், ஒரு பொத்தான்கூடப் பிய்யவில்லை. டாக்குத்தரின் முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான் பிழை.